நான்கு போல்ட்டுகளும் இறுக்கப்பட்டன

பயிற்சி மூன்றாம் ஆண்டு, இருபத்திரண்டாம் வாரம், புதன்கிழமை.

மு.ப. 7.40: லொறியில் புறப்பாடு. போர்மன், சாரதி, பயிலுநர் இருவர்.
மு.ப. 9.55: தெல்தெனியவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தொழிற்சாலையை அடைந்தோம்.
மு.ப. 10.15: உலர்த்தி இயந்திரத்தின் விசிறி நிறுத்தப்பட்டது. பெல்ட்டின் காப்புக் கூண்டு கழற்றப்பட்டது. போல்ட்டுகள் நான்கு.
பி.ப. 1.20: பழைய பெயாரிங் வெளியே எடுக்கப்பட்டது.
பி.ப. 4.10: புதிய பெயாரிங் பொருத்தப்பட்டது.
பி.ப. 4.45: கொழுந்து காத்திருப்பதாகத் தொழிற்சாலை அதிகாரி அறிவித்தார்.
பி.ப. 4.50: விசிறி இயக்கப்பட்டது. கூண்டு பூட்டப்படவில்லை. மறுநாள் பூட்டலாம் எனப் போர்மன் கூறினார்.
போல்ட்டுகள் நான்கும் என் காற்சட்டைப் பையில் உள்ளன.

மேலுள்ள பதிவு என்னுடையதன்று. என்னோடு பயிற்சி பெற்ற செல்வராஜின் தினக்குறிப்பேட்டில் உள்ளது. அதே நாளைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். அது இதைவிட அழகான கையெழுத்தில், இதைவிட நேர்த்தியான ஓரத்துடன், உரிய இடத்தில் வரும்.

செல்வராஜ் காலமாகி இன்றுடன் ஐம்பத்து மூன்று நாட்கள். அவர் மறைவுக்கும் இக்கட்டுரைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கட்டுரையைக் கேட்டவர் ருஷ்தா. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்று நான் எழுந்து வந்த கதிரையில் இப்போது அமர்ந்திருக்கும் பொறியியலாளர். பயிலுநர்களின் காகிதக் குறிப்பேடு இவ்வாண்டுடன் நிறுத்தப்படுகிறது. இனி எல்லாம் கைத்தொலைபேசிச் செயலியில். எனவே ஆண்டு மலருக்கு, பழைய குறிப்பேட்டைப் பற்றி இனிமையாக ஏதாவது எழுதித் தருமாறு கெலிஓயாவில் உள்ள என் வீட்டுக்கே வந்து கேட்டார். செயலியையும் திறந்து காட்டினார்.

“பிள்ளைகள் இனி எழுதத் தேவையே இல்ல சேர். வசனம் எல்லாம் உள்ளேயே இருக்கு. தெரிவு செஞ்சா போதும்” என்றார்.

நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் அந்த நிலையை எட்டிவிட்டோம் என்பதை அவருக்குச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

கண்டி நகரின் விளிம்பில், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு வேலைத்தலத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் பயிலுநர்களாகச் சேர்ந்தோம். பயிற்சிக் காலம் நான்கு ஆண்டு. முதல் ஆறு மாதம் ஆளுக்கோர் இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்கினோம். ஒரு பக்கம் நேரானால் மறுபக்கம் சாயும். அதை நேராக்கினால் இது சாயும். இறுதியில் என்னுடையது குறையற்ற சதுரமாக நின்றபோது சட்டைப் பொத்தானாகத் தைக்கும் அளவுக்குச் சிறுத்திருந்தது. அடுத்த ஆறு மாதம் யாருக்கு எவ்வளவு சாயத்தில் தேநீர் என்பதைக் கற்றோம். இரண்டாம் ஆண்டில் கடைசல் இயந்திரத்தைத் துடைக்க அனுமதித்தார்கள். மூன்றாம் ஆண்டில் அதை இயக்க அனுமதித்தார்கள். அன்றே மின்சாரம் தடைப்பட்டது. பயிற்சியின் தொழில்நுட்பப் பகுதி ஏறத்தாழ இவ்வளவுதான்.

மெய்யான பயிற்சி குறிப்பேட்டில் நடந்தது. ஒவ்வொரு பயிலுநரும் அன்றன்று செய்த வேலையை அன்றன்றே எழுத வேண்டும். வாரமொருமுறை போர்மன் ஒப்பமிட வேண்டும். நான்கு ஆண்டு முடிவில் குறிப்பேட்டைப் பார்த்தே சான்றிதழ். தேநீர் ஊற்றினேன் என்று எழுதிச் சான்றிதழ் பெற முடியாது. இந்தச் சிக்கலுக்கு எங்களுக்கு முந்தியவர்கள் ஒரு தீர்வு கண்டிருந்தார்கள். அதன் பெயர் தாய்ப் புத்தகம்.

எந்தத் தொகுதிப் பயிலுநர் அதை முதலில் எழுதினார் என்பது யாருக்கும் தெரியாது. பழுப்புத்தாள் உறை போட்டு, பின்னறை அலுமாரியில் கிழிந்த பெல்ட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. நான்கு ஆண்டுகளின் எல்லா வாரங்களும் அதில் இருந்தன. புதியவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் அப்படியே. அதனால் நாங்கள் சேர்வதற்குப் பல ஆண்டு முன்பே பழைய இரும்புக்கு விற்கப்பட்ட ஒரு நீராவி இயந்திரத்தை நான் ஒன்பது நாள் பழுதுபார்த்திருக்கிறேன். வேலை திருப்திகரமாக முடிந்தது.

அந்த மூலப் பயிலுநர் எப்போதோ ஒருமுறை உண்மையையும் எழுதியிருந்தார். பதினான்காம் வாரம், செவ்வாய்க்கிழமை: பல்வலி காரணமாக அரைநாள் விடுப்பு. அவருக்குப் பின் வந்த ஒவ்வொரு தொகுதியிலும் எல்லோருக்கும் பதினான்காம் வாரச் செவ்வாய்க்கிழமை பல் வலித்தது. எங்களில் பன்னிரண்டு பேருக்கும் வலித்திருக்க வேண்டும், பதினொருவருக்கு வலித்தது. போர்மன் பதினொரு பல்வலிகளுக்கும் ஒப்பமிட்டார். பல் வலிக்காத செல்வராஜுக்கும் ஒப்பமிட்டார்.

போர்மன் பேரம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். எண்ணெயும் கரியும் மிதக்கும் அந்த இடத்தில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் அணிந்து, ஒரு புள்ளி கறையின்றி மாலை வீடு திரும்புவார். அது எப்படிச் சாத்தியம் என்று முதல் மாதத்தில் வியந்தோம். இரண்டாம் மாதத்தில் புரிந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒப்பமிடும் சடங்கு. அவர் கதிரையில் அமர்வார். பன்னிரண்டு குறிப்பேடுகளும் உரிய பக்கத்தில் திறந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இடது கையால் பக்கத்தை நிமிர்த்தி, வலது கையால் ஒப்பமிட்டு, அடுத்ததை இழுப்பார். தேநீர் ஆறுமுன் முடிந்துவிடும்.

வாசிக்க மாட்டார். ஆனால் ஓரத்தை அளப்பார். பக்கத்தின் இடப்புறம் சிவப்பு மையால் ஓர் அங்குல ஓரம் இட வேண்டும். அதில் ஐயம் எழுந்தால் சட்டைப் பையிலிருந்து வேர்னியர் அளவுகோலை எடுத்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து, குறைந்திருந்தால் பக்கத்தைத் திருப்பி எழுதச் சொல்வார். அந்த வேலைத்தலத்தில் அக்கருவி வேறெதையும் அளந்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை நீராவி இயந்திரத்தைப் பற்றி அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை.

“தம்பி, குறிப்பேடு எண்டது செய்த வேலைக்கு இல்லை. செய்திருக்க வேண்டிய வேலைக்கு. நீர் படிச்ச பிள்ளை, உமக்கு இது விளங்கும்” என்றார்.

எனக்கு விளங்கியது. அதுதான் துரதிர்ஷ்டம்.

செல்வராஜ் ஹந்தானைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பிலிருந்து தினமும் காலையில் நடந்து இறங்கி வருவார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது; ஆனாலும் முதல் நாளிலிருந்தே, முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைப்பதுபோல், என்னை நானா என்று அழைத்தார். தொடக்கத்தில் அது கிண்டல், பிறகு பழக்கம், பிறகு பெயர். அவர் மட்டும் தாய்ப் புத்தகத்தைத் தொடவில்லை. ‘இன்று தேநீர் ஊற்றினேன், பதினெட்டுக் கோப்பை’ என்று எழுதினார். ‘இன்று ஒன்றும் கற்பிக்கப்படவில்லை’ என்று ஒரு வாரம் முழுவதும் எழுதி, ஐந்து நாளுக்கும் ஒப்பம் பெற்றார். பேரம்பலத்தாருக்கு அவருடைய ஓரத்தில் குறை தெரிந்ததில்லை.

எதற்காக இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். “எங்கம்மா நாள் பூரா கொழுந்து எடுத்துட்டு வரும், கணக்கப்புள்ள அரைப்பேர்னு, அரைநாள் கூலின்னு எழுதிருவாரு. எழுதுனா எழுதுனதுதான். அதுக்கப்புறம் அந்த மனுசி முழுநாள் நின்னதே இல்லேன்னு ஆயிரும். அதுனால நானா, பேனாவ கையில எடுத்தா எனக்குப் பயமா இருக்கு” என்றார்.

எனக்குப் பயமாக இருக்கவில்லை. என் வாப்பா பாடசாலை அதிபர். எழுத்து எங்கள் வீட்டில் யாரையும் கடித்ததில்லை.

இனி அந்தப் புதன்கிழமை. செல்வராஜின் பதிவில் ஒரு சொல்லையும் நான் திருத்த வேண்டியதில்லை. விடுபட்டதை மட்டும் சேர்க்கிறேன். பெயாரிங்கைப் பொருத்தியவர் செல்வராஜ். நான் ஸ்பெனர்களை வரிசைப்படி எடுத்துக் கொடுத்தேன். போர்மன் சற்றுத் தள்ளி, சட்டையில் தூசி படாத தூரத்தில் நின்றார். தொழிற்சாலை அதிகாரி வந்து, மேல்மாடியில் கொழுந்து வாடி முடிந்து காத்திருக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்றார். போர்மன் விசிறியைப் போடச் சொன்னார்.

கூண்டு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. “பூட்டிட்டே போயிரலாமேங்க, அஞ்சு நிமிசந்தானே” என்றார் செல்வராஜ்.

“உமக்கு அஞ்சு நிமிசம். மலை இறங்கேக்க இருட்டிப்போடும். நாளைக்கு விடிய வந்து பூட்டலாம். கூண்டு எங்கையும் ஓடாது.”

அது ஓடவில்லை. மறுநாள் எங்கள் லொறி வேறொரு தோட்டத்துக்குப் போனது. கூண்டு சுவரிலேயே சாய்ந்திருந்தது. வழியில் நாங்கள் தேநீர் குடித்த பழைய தெல்தெனியக் கடைவீதி இன்று நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. எங்கள் பக்கங்கள் மூழ்கவில்லை.

செல்வராஜ் தன் பக்கத்தைத் திரும்பும் வழியில், குலுங்கும் லொறியிலேயே எழுதினார். நான் வியாழக்கிழமை மதியம், வழக்கம்போல் அலுமாரிக்குப் பின்னால் அமர்ந்து எழுதினேன். தாய்ப் புத்தகத்தில் வெளிவேலை எதுவாயினும் கடைசி வரிகள் ஒன்றே. கூண்டில் ஆறு போல்ட்டு இருந்தாலும் அதில் நான்குதான். என் பக்கம் இது:

‘பெயாரிங் மாற்றப்பட்டது. இயந்திரம் பரீட்சிக்கப்பட்டது. காப்புக் கூண்டு பூட்டப்பட்டது. நான்கு போல்ட்டுகளும் இறுக்கப்பட்டன. வேலை திருப்திகரம்.’

பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். என்ன எழுதுகிறேன் என்ற எண்ணமே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, போர்மன் ஒரே தேநீரில் இரண்டு பக்கங்களுக்கும் ஒப்பமிட்டார்.

சனிக்கிழமை, உலர்த்தியில் வேலை செய்த மாரிமுத்து என்பவரின் வலது கை அந்தப் பெல்ட்டில் அகப்பட்டது. மூன்று விரல்கள் போயின.

கூண்டு எங்கே என்ற கேள்வி எழுந்தது. நீங்கள் பூட்டவில்லை என்றது தொழிற்சாலை; நாங்கள் பூட்டினோம், மாரிமுத்துவே கழற்றியிருக்க வேண்டும் என்றது வேலைத்தலம். அடுத்த வாரம் பிரதம பொறியியலாளர் தலைமையில் விசாரணை. அன்று காலை பேரம்பலத்தார் எங்கள் இருவரின் குறிப்பேடுகளையும் வாங்கினார். அவர் எதையாவது முழுமையாக வாசித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். வாசித்து முடித்ததும் வேர்னியரை எடுத்து என் ஓரத்தை அளந்தார். “வடிவாய் இருக்கு” என்று திருப்பித் தந்தார். செல்வராஜின் ஓரத்தையும் அளந்தார். அதில் சிறு குறை இருந்தது.

“ஓரம் காணாது, தம்பி. இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுத் திருப்பி எழுதும். இவர் எழுதியிருக்கிறார், பார்த்து எழுதும்.”

“ஓரத்த வேணும்னா பெருசா கோடு போட்டுர்றேங்க” என்றார் செல்வராஜ். “பக்கத்த மாத்த முடியாதுங்க.”

பிரதம பொறியியலாளர் கண்டிப்பும் பண்பும் உள்ளவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஒரே நாள், ஒரே இயந்திரம், ஒரே ஒப்பம், இரு முரணான பதிவுகள். எது மெய்? அறிவியல் முறைப்படி அணுகினார். முந்தைய தொகுதிகளின் குறிப்பேடுகளைக் களஞ்சியத்திலிருந்து வரவழைத்தார். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும், எல்லா வெளிவேலைகளிலும், காப்புக் கூண்டு பூட்டப்பட்டிருந்தது. நான்கு போல்ட்டுகளும் இறுக்கப்பட்டிருந்தன. சொல்லுக்குச் சொல் ஒன்றாயிருப்பதைக் கண்டு அவர் நிமிர்ந்தார். இனிக் கேட்பார் என்று எண்ணினேன். ‘இப்படி ஓர் ஒழுங்கை நான் வேறெங்கும் கண்டதில்லை’ என்று போர்மனைப் பாராட்டினார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கூண்டைப் பூட்ட மறக்காத ஒரு வேலைத்தலம், அந்த ஒரு புதன்கிழமை மட்டும் மறந்திருக்கும் என்று நம்பச் சொன்னது ஒரே ஒரு குறிப்பேடு. அதில் பதினெட்டுக் கோப்பைத் தேநீரும் இருந்தது.

செல்வராஜ் கைக்குட்டையை அவிழ்த்து நான்கு போல்ட்டுகளையும் மேசையில் வைத்தார். இவை அந்தக் கூண்டின் போல்ட்டுகள் என்பதற்கு எழுத்து ஆதாரம் உண்டா என்று பிரதம பொறியியலாளர் கேட்டார். “அதத்தாங்க எழுதியிருக்கேன்” என்றார் செல்வராஜ். இதுபோல ஒரு வாளி போல்ட்டு களஞ்சியத்தில் கிடக்கிறது என்றார் போர்மன். அது உண்மை.

பிறகு என்னிடம் திரும்பினார்கள். நான் எழுதியது நான் கண்டதா என்பது கேள்வி.

“குறிப்பேட்டில் உள்ளபடிதான், சேர்” என்றேன்.

மூன்று சொற்கள், ஒன்றிலும் பிழை காண முடியாது. பிற்காலத்தில் பல அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். அவ்வளவு துல்லியமாக எதையும் அமைத்ததில்லை. செல்வராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தார். பேனை அங்கேதான் இருந்தது.

மாரிமுத்து, காப்புக் கூண்டைத் தன்னிச்சையாகக் கழற்றிய குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். செல்வராஜின் குறிப்பேடு நம்பத்தகாதது என்று பதியப்பட்டது. நம்பத்தகாத குறிப்பேட்டுக்குச் சான்றிதழ் இல்லை. நான்கு போல்ட்டுகளும் களஞ்சிய வாளிக்குள் போடப்பட்டன. எங்கள் இடத்தில் எதையும் வீணாக்குவதில்லை.

நான் சான்றிதழ் பெற்றேன். அதன் மேல் ஒரு பட்டம், அதன் மேல் இன்னொன்று, இறுதியில் பிரதம பொறியியலாளரின் கதிரை. பாதுகாப்பு பற்றி இரு கையேடுகள் எழுதினேன். இரண்டாவதில் ஓர் அத்தியாயம் முழுவதும் காப்புக் கூண்டுகளைப் பற்றியது; தெளிவாக இருப்பதாகச் சொன்னார்கள்.

செல்வராஜ் கெலிஓயாவில் நீர்ப்பம்பிகளும் மோட்டார்களும் திருத்தும் சிறு கடை வைத்தார். பின்னர் நானும் அதே ஊரில் வீடு கட்டினேன். என் வீட்டில் எந்த இயந்திரம் நின்றாலும் அவர்தான் வருவார். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்: “நாலு போல்ட்டும் இறுக்கியாச்சு நானா. எழுதிக்கங்க.” என் மனைவி இது தொழிலாளர் நகைச்சுவை என்று எண்ணிச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிரித்தேன்.

ஒரே ஒருமுறை, மழைக்கு அவர் கடையில் ஒதுங்கியிருந்தபோது தொடங்கினேன். “செல்வா, அந்த விசாரண நாள் நான்...” என்றேன்.

அவர் ஒரு மோட்டாரைத் திருப்பிப் போட்டார். “என்னா நானா, பதினாலாவது வாரம் வந்திருச்சா? பல்லு வலிக்குதா?”

மழை விடும்வரை இருவரும் மோட்டாரைப் பற்றிப் பேசினோம்.

கடைசியாக அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. கிணற்றடியில் உள்ள பழைய பம்பிக்குப் புதிய பெல்ட் போட்டார். கூண்டைப் பூட்டும்போது நான்காவது போல்ட்டின் மரை தேய்ந்திருப்பதைக் கண்டார். மூன்று போதாதா என்று கேட்டேன். பாதுகாப்புக் கையேட்டின் ஆசிரியர் கேட்டது இது. அவர் மின் ஆளியை அணைத்து, பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாளைக்கு வேற போல்ட்டு கொண்டாறேன். அதுவரைக்கும் தண்ணிய அள்ளிக் குளிங்க. ஒங்கள நம்பி இத விட்டுட்டுப் போக முடியாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் காலை அவர் மகள் சுபா தொலைபேசியில் அழைத்தாள்.

பதினாறாம் நாள் சென்றிருந்தபோது அவள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து தந்தாள். “ஒங்களுக்குக் குடுக்கணும்னு அப்பா சொல்லல மாமா. ஆனா வேற யாருக்கும் இது புரியாது” என்றாள். பிறகு உள்ளே போய், ஒரு சிறு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். “இதுவும் சட்டப் பையில இருந்துச்சு. என்னான்னு தெரியல.”

வாங்கிக்கொண்டேன். என்னவென்று சொல்லவில்லை.

ருஷ்தா அன்று திறந்து காட்டிய செயலியில் ஆயத்த வசனங்கள் நாற்பது. பதினேழாவது: ‘காப்புக் கூண்டு மீளப் பொருத்தப்பட்டது, எல்லா போல்ட்டுகளும் இறுக்கப்பட்டன.’ நான்கு என்பதை எல்லா என்று திருத்தியிருக்கிறார்கள், முன்னேற்றம்தான். அதற்கு எதிரே சரி அடையாளம் முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. வேண்டாதவர்தான் அழிக்க வேண்டும். வசனங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“பழைய குறிப்பேடுகள்ல இருந்துதான் சேர். அதுல ஒங்களோடதும் இருந்துச்சு. எழுத்து அவ்வளவு அழகு” என்றார்.

இனிமையாக எழுதும்படிதான் அவர் கேட்டார். இதை அவர் அச்சிடுவாரா என்பது எனக்குத் தெரியாது. நிறைவேறாத வேலைகளை வார இறுதியில் தனியே குறிக்க வேண்டும் என்பது குறிப்பேட்டின் விதி. தாய்ப் புத்தகத்தில் அந்தப் பகுதி எப்போதும் வெறுமையாகவே இருந்தது. என் முதற்பதிவு:

1. பதினேழாவது வசனத்தை நீக்கும்படி ருஷ்தாவுக்குக் கடிதம். எழுதப்படவில்லை.

2. மாரிமுத்துவோ அவர் பிள்ளைகளோ எங்கே இருக்கிறார்கள் என விசாரித்தல். தொடங்கப்படவில்லை.

3. பியூஸ் எதற்குரியது என்பதைச் சுபாவிடம் சொல்லுதல். சொல்லப்படவில்லை.

4. கிணற்றடிப் பம்பி. கூண்டில் மூன்று போல்ட்டுகள் இறுக்கப்பட்டுள்ளன. நான்காவது இல்லை. பம்பி இயக்கப்படவில்லை.